அரசர் பேசி முடிக்கும்வரை

டென்மார்க்கின் ஹ்விடோவ்ரேயில் எங்களுக்கு மேல்மாடியில் ஓர் ஈரானியர் தனியாக இருந்தார். வெள்ளை மீசை, ஒரு தோள் சற்றே தாழ்ந்திருக்கும். ஆண்டின் கடைசி நாள் மாலை ஆறு மணிக்கு டென்மார்க் அரசர் தொலைக்காட்சியில் பேசுவார். அதைக் கேட்க இவர் கோட்டும் டையும் அணிந்து, நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

ஒருமுறை, தனியாக இருக்கிறாரே என்று வீட்டில் பொரித்த மீன் றோல்ஸ் கொண்டுபோனேன். கதைக்கலாமென்று ஒலியைக் குறைக்கப் போனபோது என் கையைப் பிடித்துத் தடுத்தார். பேச்சு முடிந்த பிறகுதான் வாய் திறந்தார். டேனிஷில்தான் சொன்னார், எனக்குள் அது எங்கள் ஊர்த் தமிழாகவே நிற்கிறது.

“எங்கட அரசரும் கடைசிக் காலத்தில ரீவியில கதைச்சவர். பிழையளைத் திருத்துறன் எண்டு தொடங்கினார். நாங்கள் பாதியில ரீவியை நிப்பாட்டிப்போட்டு, அவரை எதிர்த்துத் தெருவுக்கு இறங்கீட்டம். என்ர அண்ணையை அவற்ற ஆக்கள்தான் சிறையில வைச்சிருந்தவை.”

“அரசர் நாட்டை விட்டுப் போனாப்பிறகு?”

“அண்ணை வெளியில வந்தார். ரெண்டு வருசத்தில, புதுசா ஆட்சிக்கு வந்த ஆக்கள் அவரைத் திரும்பவும் அதே சிறையில போட்டினம். பிறகு வரேல்லை.”

“முழுக்கக் கேட்டிருந்தால் தெருவுக்குப் போயிருக்க மாட்டியளோ?”

“போயிருப்பன்.” யோசிக்கவே இல்லை. “ஆனால் மிச்சப் பாதியில என்ன சொன்னவர் எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது.”

நான் கைபேசியை எடுத்தேன். “அந்தப் பேச்சு இதில கிடக்கும். இப்பவே தேடித் தாறன்.”

முன்பு என்னைத் தடுத்த அதே கையால் கைபேசித் திரையை மூடினார்.

“வேண்டாம். அதில நல்லதா ஏதும் சொல்லியிருந்தால், இந்த வயசில அதை வைச்சு நான் என்ன செய்யிறது?”