எப்போது ஊருக்குத் திரும்புவீர்கள்

யாங்கோனில், பசுந்தாங் ஓடைக்கு அருகே ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நான் ஜப்பானிய மொழி கற்றுக்கொடுக்கிறேன். இளமையில் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தேன். பிறகு ஜப்பானுக்குப் போய் உணவகங்களில் பாத்திரம் கழுவினேன். பெட்டிச் சாப்பாடு தயாரிக்கும் ஆலையில் வேலை பார்த்தேன். தலை நன்றாக நரைத்த பிறகு திரும்பி வந்தேன். இப்போது என்னிடம் படிக்க வருகிறவர்கள் அனைவரும் இந்த நாட்டை விட்டு எப்படியாவது போய்விட வேண்டும் என்று வருகிறவர்கள். போன மழைக்காலத்தில் அவர்களில் ஒரு பெண்ணுக்கு நான் செய்ததை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் நகரின் ஓரத்து ஆலைப் பகுதியான லைங் தாயாவில் ஒரு தையல் ஆலையில் வேலை பார்த்தாள். அவளுடைய முன்னோர் ராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்து வந்து துணி வியாபாரம் செய்தவர்கள். கடை போய்விட்டது, அத்தாவும் இறந்துவிட்டார். உம்மாவும் அவளும் மட்டும் ஒரு வாடகை அறையில் இருந்தார்கள். ஆலை விடுமுறை நாளில் இரண்டு பஸ் மாறி வகுப்புக்கு வருவாள். ஜப்பானின் வடக்கே பனி கொட்டும் ஒரு சிற்றூரில், முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. இருந்தது ஒரே ஒரு இடம். அதற்குத்தான் அவள் படித்துக்கொண்டிருந்தாள்.

நேர்காணலில் கேட்கப்படும் கேள்விகளுக்கு நான் பதில்களை முன்கூட்டியே கொடுத்துவிடுவேன். வகுப்பு முழுவதும் அவற்றை ஒரே குரலில் சொல்லிப் பழகும். அதில் ஒரு கேள்வியை மட்டும் நான் தினமும் கேட்பேன்: "எப்போது ஊருக்குத் திரும்புவீர்கள்?" "ஐந்து ஆண்டு வேலை செய்துவிட்டுத் திரும்பி விடுவேன்" என்று எல்லோரும் சொல்ல வேண்டும். யாராவது தயங்கினால் மறுபடி சொல்ல வைப்பேன்.

இந்தக் கேள்வியை ஜப்பானில் என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. என் பக்கத்து வீட்டு அம்மாள் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம் கொடுத்து, சிரித்துக்கொண்டே கேட்பார். கட்டடத்தில் யார் குப்பையைத் தவறாகப் பிரித்து வைத்தாலும் அந்தக் குப்பைப் பை என் வாசலுக்குத் திரும்பி வரும். அதோடு வரும் காவலாளியும் கேட்பார். மனைவியை அழைத்துக்கொள்ளலாம் என்று ஒரு பெரிய வீடு தேடினேன். வீட்டுத் தரகர் என் முன்னாலேயே உரிமையாளருக்குத் தொலைபேசினார். "வெளிநாட்டவர்தான், ஆனால் மொழி நன்றாகப் பேசுகிறார்" என்றார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என்னைப் பார்த்துத் தலை குனிந்தார். அது போலப் பல வீடுகள். மனைவி வரவே இல்லை. அவள் இங்கே இறந்தபோது நான் அங்கே இருந்தேன். திரும்பி வந்து வார்டு அலுவலகத்தில் என் பெயரைப் பதியப் போனால், அங்கிருந்த இளைஞன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இந்தியாவிலிருந்து எப்போது வந்தீர்கள் என்று கேட்டான். என் தந்தை தமிழர், தாய் பர்மியப் பெண்.

நேர்காணல் நாளில் காலையிலிருந்தே மழை. மின்சாரம் இல்லை. பேட்டரியில் மடிக்கணினியும் ஒரு விளக்கும் மட்டும் வைத்திருந்தோம். வகுப்பில் ஒரே ஒரு கறுப்புக் கோட்டு உண்டு. நேர்காணலுக்கு உட்காரும் பெண்கள் அதைத்தான் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். மேலே கோட்டு, கீழே பூப்போட்ட கைலி, வெறுங்கால். அவளும் அப்படித்தான் உட்கார்ந்தாள். தலையில் முக்காடு.

ஆள் அனுப்பும் நிறுவனத்தின் ஏஜென்ட் ஒரு பர்மியப் பெண்மணி. மாணவிகள் அவரை 'மமா' என்பார்கள், அக்கா என்று பொருள். அவர் பர்மிய மொழியில் என்னிடம் சொன்னார்:

"முக்காட்டை எடுக்கச் சொல்லுங்க சயா. ஏற்கெனவே மூஞ்சி இந்தியாக்காரி மாதிரி இருக்கு. பர்மாவிலேருந்து ஆள் அனுப்பறேன்னுட்டு யாரையோ காட்டறேன்னு நினைப்பாங்க."

சயா என்றால் இங்கே வாத்தியார்.

"நான் பர்மாதான், மமா," என்றாள் அவள். "உங்க பாட்டி கட்டின துணி எங்க கடைத் துணியாக்கூட இருக்கும்."

"அதை என்கிட்டச் சொல்லி என்ன. இமிக்ரேஷன்ல போய்ச் சொல்லு."

"அவங்களும் துணி கட்டித்தானே இருக்காங்க."

ஏஜென்ட் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. "இப்ப எடுத்துட்டு அங்க போய்ப் போட்டா ஏமாத்தின மாதிரி. இருக்கட்டும் மமா" என்றாள்.

திரையில் இல்லத்தின் தலைவி வந்தார். வெள்ளை முடி, கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றி வைத்திருந்தார். பழகிய கேள்விகள் முடிந்ததும் மெதுவாகக் கேட்டார்: "எங்கள் இல்லத்தில் இருப்பவர்கள் மிகவும் வயதானவர்கள். வெளிநாட்டவரைப் பார்த்தே பழகாதவர்கள். முதலில் பயப்படுவார்கள். சிலர், என்னைத் தொடாதே என்றுகூடச் சொல்வார்கள். தாங்கிக்கொள்வீர்களா?"

இதற்கு நான் பதில் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் தனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் சொன்னாள்: "இங்கேயும் சொல்கிறார்கள். பழக்கம்."

தலைவி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகே வந்தார். "எப்போது ஊருக்குத் திரும்புவீர்கள்?" என்றார். அதோடு நிறுத்தவில்லை. ஊரில் பள்ளிக்கூடம் மூடியாகிவிட்டது, கூரைப் பனியை அள்ள ஆளில்லை, எனக்கும் வயதாகிவிட்டது என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போனார். அவளுக்கு முதல் வாக்கியம் மட்டும்தான் புரிந்தது. எனக்கு முழுவதும் புரிந்தது. தங்கிவிடுகிற ஒருத்தியை அந்த அம்மாள் தேடிக்கொண்டிருந்தார்.

அவள் பழகிய பதிலைத் தொடங்கினாள். "ஐந்து ஆண்டு" என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். என் பக்கம் திரும்பி, ஏஜென்டுக்குப் புரியாமல் இருக்கத் தமிழில் சொன்னாள்:

"திரும்பி வர மாட்டேன்னு சொல்லுங்க சயா. அங்கேயே இருந்துடறேன். உம்மாவைப் பின்னாடி கூப்பிட்டுக்க முடியுமான்னு கேளுங்க."

தலைவி காத்துக்கொண்டிருந்தார். நான் அவளுக்குப் பிடிபடாத மரியாதை வழக்கில், வேகமாக, ஜப்பானிய மொழியில் சொன்னேன்: "ஐந்து ஆண்டு முடிந்ததும் கண்டிப்பாகத் திரும்பிவிடுவதாகச் சொல்கிறாள். தாயார் இங்கே தனியாக இருக்கிறார்."

தலைவி "அப்படியா" என்றார். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி சொல்லித் தலை குனிந்தார். திரை அணைந்தது. "என்ன சொன்னாங்க?" என்று அவள் கேட்டாள். "பார்க்கலாம்னு சொன்னாங்க" என்றேன்.

சில நாட்களில் முடிவு வந்தது. அந்த இடம் அவளுக்கு இல்லை. ஏற்கெனவே இரண்டு பேர் அந்த இல்லத்துக்கு வந்து வேலை பழகிவிட்டுத் தலைநகருக்குப் போய்விட்டார்களாம். இருக்கப்போகிற ஆள்தான் வேண்டும் என்று தலைவி சொன்னதாக ஏஜென்ட் அவளிடம் சொல்லியிருக்கிறார். அன்றைக்கே அவள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"நான் இருக்கறேன்னுதானே சொன்னேன்?"

"மொழிபெயர்க்கும்போது கொஞ்சம் விட்டுப் போறது உண்டும்மா," என்றேன்.

"நான் சொன்னதே ரெண்டு மூணு வரி. அதுல எது விட்டுப் போச்சு, சயா?"

நான் மேசையில் கிடந்த பாடப் புத்தகங்களை அடுக்கினேன்.

"உங்களுக்குத் தமிழ் மறந்துபோச்சா, ஜப்பான் மறந்துபோச்சா?"

"ரெண்டும் இல்லை. மாத்திச் சொன்னேன்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். "அப்ப அந்தம்மாகிட்ட இப்ப சொல்லுங்க. நான் இங்கயே நிக்கறேன்" என்றாள்.

அவளிடம் அப்போது சொல்லாததை இங்கே சொல்கிறேன். பழைய வழக்கத்தால் வாய் தவறியது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. திரும்பியே ஆக வேண்டும் என்று முன்பு இருந்த சட்டம் மாறிவிட்டது என்றும், பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்கள் தங்க வழி இருக்கிறது என்றும் எனக்கு அன்றே தெரியும். அந்தத் தலைவி திரைக்கு அருகே வந்து கேட்டபோது அவர் முகத்தில் இருந்தது கெஞ்சல் என்றும் தெரியும். அத்தனை ஆண்டுகள் நான் காத்திருந்தும் யாரும் என்னை இருந்துவிடும்படி அப்படிக் கேட்கவில்லை. கோட்டு மாட்டி இவள் சற்று நேரம் உட்கார்ந்ததற்கு அது கிடைக்கிறது. தன் உம்மாவையும் கூப்பிட்டுக்கொள்ளப் பார்க்கிறாள். என்னால் அது தாங்க முடியவில்லை. அந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்தபோது எனக்குள் ஒரு நிம்மதிகூட இருந்தது.

ஏஜென்ட் மூலம் அழைப்பு ஏற்பாடு செய்ய மறுநாள் ஆகிவிட்டது. அவள் மறுபடி வந்தாள். கோட்டுப் போடவில்லை. நான் தலைவியிடம் சொன்னேன்: "அன்று அவள் தங்குவதாகத்தான் சொன்னாள். நான் மாற்றிச் சொன்னேன். மன்னிக்க வேண்டும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு அதே மரியாதையான குரலில், "ஏன்?" என்று கேட்டார்.

"நான் உங்கள் நாட்டில் பல ஆண்டுகள் இருந்தவன்," என்றேன்.

"கஷ்டப்பட்டிருப்பீர்கள். அதற்கு இந்தப் பெண் என்ன செய்தாள்?"

தலைவி, "அவளோடு நான் தனியாகப் பேசுகிறேன். நீங்கள் வேண்டாம்" என்றார். நான் சொல்வதற்குள் அவளுக்கு அது புரிந்துவிட்டது. "சயா, வெளிய இருங்க" என்றாள்.

மாடிப்படியில் நின்றேன். மாடிகளிலிருந்து தெருவுக்குத் தொங்கும் அழைப்பு மணிக் கயிறுகள் மழையில் நனைந்துகொண்டிருந்தன. கீழே யாரோ ஒருவர் ஒன்றை இழுத்து மேலே மணியடித்தார். கதவுக்குப் பின்னால் அவள் குரல் கேட்டது. சொல் தெரியவில்லை. தப்பும் தவறுமாகப் பேசுகிறாள் என்பது மட்டும் தெரிந்தது. நடுவில் நெடுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று கதவில் கைவைத்தேன். அப்போது அந்த அம்மாளின் குரல் மறுபடி கேட்டது. கையை எடுத்துக்கொண்டேன்.

அவள் வெளியே வந்தாள். அந்த இடத்தை வேறொரு நாட்டுப் பெண்ணுக்குக் கொடுத்தாகிவிட்டதாம். வாக்கை மாற்ற முடியாதாம். அடுத்த வசந்தத்தில் இன்னொரு இடம் வரும், அதை இவளுக்கு வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

"நல்லதும்மா. அடுத்த வசந்தம்னா கொஞ்ச மாசம்தான்," என்றேன்.

"அதுவரைக்கும் இங்கிருந்து வெளிய விடுவாங்களான்னு அந்தம்மாவுக்குத் தெரியாது, சயா. உங்களுக்குத் தெரியும்ல?"

குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனாள். அதன்பின் என் வகுப்புக்கு வரவில்லை. வேறு ஒருவரிடம் படிப்பதாகக் கேள்வி.

இன்னும் வசந்தம் வரவில்லை. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களைப் பற்றி இங்கே ராணுவ அரசிடமிருந்து அடிக்கடி புதிய உத்தரவு வருகிறது. இன்ன வயதுக்கு உட்பட்டவர்கள் போகக் கூடாது என்பார்கள். பிறகு பெண்கள் போகலாம் என்பார்கள். பிறகு அதுவும் இல்லை என்பார்கள். தேநீர்க் கடையில் யாராவது கைபேசியில் அதை வாசிக்கும்போது, அவள் வயது அதில் வருகிறதா என்று எட்டிப் பார்க்கிறேன்.