இட்லியிலிருந்து பகாரா பைங்கன் வரை

கைப்பையைக் கீழே வைக்குமுன் லோயிஸ் கேன்டீனுக்குப் போன் போட்டுவிடுவாள். "தேவராஜ் அண்ணா, இன்னைக்கு என்ன?" சாம்பார், கத்தரிக்காயில் பகாரா பைங்கன், தயிர் என்று அவர் சொல்வதை அப்படியே கம்ப்யூட்டரில் தட்டுவாள். அப்புறம்தான் ஸ்வெட்டர். ஏசி அறையில் மே மாதத்திலும் அவளுக்குக் குளிரும்.

ஏ.எஸ்.ராவ் நகரை ஒட்டிய அந்தத் தொழிற்சாலைக்கு ஒரே பெரிய கம்ப்யூட்டர். எல்லாப் பிரிவுக்காரர்களும் தங்கள் மேஜை டெர்மினலிலிருந்து அதற்குள் நுழைவார்கள். நுழைந்ததும் அன்றைய சாப்பாடு திரையில் வர லோயிஸ் ஒரு சின்ன புரோகிராம் எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் போட்டுக் கொடுத்திருந்தாள். மேனேஜர் சீதாராமனுக்கு மட்டும் கேட்காமலே போட்டாள்.

ரயில்வே ஒர்க்‌ஷாப் ஃபிட்டரின் மகள். வீட்டில் முதல் பட்டதாரி. டேட்டா என்ட்ரியிலிருந்து புரோகிராமர் நாற்காலிக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. பின்னால் யாராவது நடந்தால், நாற்காலியைத் திரும்பக் கேட்க வருகிறார்களோ என்று பார்ப்பாள்.

சமீபமாகச் சிலருக்கு மட்டும் லாகின் இழுத்தது. பாஸ்வேர்டு கொடுத்துவிட்டு டீ குடித்து வரலாம். மாலைக்குள் சரியாகாவிட்டால் பழைய டேட்டா என்ட்ரிக்கே போகலாம் என்று சீதாராமன் சொல்லிவிட்டார். லோயிஸ் கேபிளைப் பார்த்தாள், டெர்மினலை மாற்றிப் பார்த்தாள். பக்கத்து மேஜை கிருஷ்ணமூர்த்திக்கோ உடனே திறந்தது.

"மெஷினுக்கும் ஆள் தெரியுதும்மா" என்று சீண்டினார்.

மதியம் அவர் டிபன் பாக்ஸைத் திறந்தபோது லோயிஸ் அதையே பார்த்தாள். "சார், நீங்க கேன்டீன் பக்கமே போறதில்லையா?"

"நக்கோம்மா, அங்க போறதே இல்ல. வீட்டுச் சாப்பாடுதான். அதான் உன் மெனுவும் வேணாம்னேன்."

கேன்டீனுக்கு ஓடினாள். லாகின் இழுத்தவர்கள் அத்தனை பேரும் தட்டோடு வரிசையில் நின்றார்கள். பழைய மெனுவை அவள் ஒருநாளும் அழித்ததில்லை. மெனு போட்டுக்கொண்டவர் யார் நுழைந்தாலும் புரோகிராம் முதல் நாள் இட்லியில் தொடங்கி, ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே இன்றைய பைங்கனுக்கு வந்து சேர்ந்தது. சாப்பிடாமலே திரும்பி வந்து, இன்றையதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டி எறிந்தாள்.

மாலையில் சீதாராமன் அவள் டெர்மினலிலேயே தன் பெயரைத் தட்டிப் பார்த்தார். கண் இமைப்பதற்குள் திறந்தது. என்ன கோளாறு என்று கேட்டார். மெனு புரோகிராம்தான் சார் என்றாள். அது மெஷினோடு வந்தது என்றே அவர் இதுவரை நினைத்திருந்தார்.

"யாரு எழுதினது?"

அறையில் அவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. லோயிஸ் எழுந்து நின்று, பள்ளிப் பிள்ளைபோல் கையைத் தூக்கினாள்.