கெட்டுப்போன கசெற்

மாகிரட் வீட்டு முன்னறையில் ஒரு கதிரையில் உட்கார வேண்டுமென்றால் முதலில் அதில் இருக்கிற எதையாவது தூக்கி நகர்த்த வேண்டும். மூன்று அலுமாரி, பதினேழு பிஸ்கற் ரின், சுவர் முழுக்க நாடக நோட்டீஸ். திருகோணமலைச் சனம் எந்தப் பெரிய இடத்து ஆதரவும் இல்லாமல், ஒருவரிடமும் அனுமதி கேட்காமல், தாமாக நடத்திய நாடகம், கையெழுத்துச் சஞ்சிகை, பாட்டுக்குழு எல்லாவற்றின் மிச்சமும் அங்கேதான் இருக்கிறது. துறைமுகக் கந்தோரில் தட்டெழுத்து வேலை பார்த்து ஓய்வுபெற்ற மனுசி, இந்த அறுபத்தேழு வயதில் அவற்றைப் பதிந்த ஒவ்வொரு கசெற்றையும் உப்புக்காற்று ஏறாமல் பச்சையரிசிப் பொட்டலத்தோடு ரின்னில் அடைத்து வைக்கிறார். சும்மா சொல்லக்கூடாது, ஒரு திணைக்களம் செய்ய வேண்டிய வேலை அது.

சனிக்கிழமைகளில் உதவிக்கு வருகிற தனஞ்சயனும் ஓய்வுபெற்றவர்தான். அவருக்கு ஒரு கசெற்றில் மட்டும் தீராத கோபம்.

"அக்கா, இதையாவது தூக்கி எறியுங்கோவன். கேட்டால் தலையிடிக்குது."

துறைமுகத் தொழிலாளர் எண்பத்தொன்றில் போட்ட நாடகம் அது. மண்டபத்தில் மின்சாரம் எடுக்க இருந்த ஒரே இடம் மேடைப் படுதாவுக்குப் பின்னால். ஆகவே ரெக்கோர்டரை அங்கேயே வைத்துவிட்டார்கள், புத்திசாலிகள்! அதற்குப் பக்கத்தில்தான் நடிகர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுக்கிறவர் உட்கார்ந்திருந்தார். நாடகம் முழுக்க அவருடைய குரல்தான் கேட்கும். நடிகர்கள் கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல இருக்கும். யாரோ சிவப்பு மையால் 'கெட்டுப்போனது' என்று மேலே எழுதியும் வைத்திருந்தார்கள்.

"எறியிறதுக்கு நான் ஆர் தம்பி?" என்றார் மாகிரட். "அவையள் பாடுபட்டுச் செய்தது. கெட்டதும் அவையளின்ரதான்."

அவருடையது உடும்புப்பிடி. தனஞ்சயன் கசெற்றைத் திரும்ப ரின்னுக்குள் வைத்தார்.

போன மாசியில் அன்புவழிபுரத்திலிருந்து தங்கரத்தினம் என்றொரு அம்மா வந்தார். எழுபது வயது. உட்கார்ந்ததும் விசயத்துக்கு வந்துவிட்டார்.

"பிள்ளை, என்ர அவர் இரத்தினசிங்கம். துறைமுகத்தில வேலை. தொண்ணூறாம் ஆண்டு வேலைக்குப் போனவர், திரும்பி வரேல்லை. முகத்துக்குப் படம் இருக்கு. குரல்தான் மறந்துபோச்சு. எவ்வளவு யோசிச்சாலும் வருகுதில்லை. நாடகம் எண்டு திரிஞ்சவர். இஞ்ச எங்கயாவது அவற்ற குரல் இருக்குமோ?"

"நாடகத்தில என்ன வேசம் கட்டினவர் அக்கா?"

"தெரியாது பிள்ளை. கைக்குழந்தையோட நான் எங்க போய்ப் பார்க்கிறது?"

மாகிரட் அட்டைகளைப் புரட்டினார். நடிகர் பட்டியல் ஒன்றிலும் இரத்தினசிங்கம் இல்லை. இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அந்த அம்மா சீலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விடுவதைப் பார்த்த பிறகு மாகிரட்டுக்கு அது வாயில் வரவில்லை. "தேடுறன் அக்கா" என்றார்.

மூன்று கிழமை பழைய நடிகர்களின் வீடு வீடாக ஏறி இறங்கினார். கடைசியில் பாலையூற்றில், எண்பத்தொன்று நாடகத்தின் கதாநாயகன் அஞ்சலோவைப் பிடித்தார். அஞ்சலோவுக்கு இப்போது பல்லில்லை. ஆனால் கதைக்குக் குறைவில்லை.

"ரத்தினமண்ணையோ? ஐயோ, அந்த மனுசன் ஒருநாளும் மேடை ஏறேல்லை. சரியான கூச்சம். படுதாவுக்குப் பின்னால இருந்து எங்களுக்கு வசனம் எடுத்துக் குடுத்தவர். அவர் இல்லாட்டி நான் மேடையில வெறும் மரம்."

மாகிரட் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார்.

தனஞ்சயன் அதைக் கடைசியாகப் போட்டுக் கேட்டுப் பல வருடம்; இப்போது கசெற்றின் நிலைமை மோசம். நாடா ஒட்டிப்பிடித்துப் பூஞ்சணமும் பிடித்திருந்தது. ஐந்து சின்னத் திருகாணிகளைக் கழற்றி, நாடாவை எடுத்துத் துடைத்து, வேறொரு கூட்டுக்குள் மாற்ற இரண்டு நாள் பிடித்தது. புதுக் கூட்டில் 'வசனம் எடுத்துக் கொடுத்தவர்: இரத்தினசிங்கம்' என்று தட்டெழுதி ஒட்டினார். ஒருமுறை ஓடும், மறுமுறை ஓடுமென்று சொல்ல ஏலாது. ஓடும்போதே கணினியில் பதிவாகட்டும், திருத்திய பிறகு முதலில் கேட்கிற காது அந்த அம்மாவுடையதாக இருக்கட்டும் என்று தங்கரத்தினத்தை அழைப்பித்தார்.

நாடா அறுந்துவிடக்கூடாதே மாதாவே என்று மனதுக்குள் செபித்தபடி கசெற் பெட்டியின் பொத்தானை அமத்தினார். இரைச்சல். தூரத்தில் அஞ்சலோவின் முனகல். பிறகு காதுக்குப் பக்கத்தில் ஒரு ஆண்குரல்:

"இந்தக் கை ஓய்ஞ்சால் உங்கட கப்பல் ஓடாது, முதலாளி… சொல்லடா அஞ்சலோ, வாயைத் திற!"

தங்கரத்தினம் கதிரையின் கையைப் பிடித்தார். "அவர்தான்," என்றார். "இப்பிடித்தான் பிள்ளையளையும் ஏசுவார்." சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. தனஞ்சயன் எழுந்து வாசலடியில் போய் நின்று மூக்கைச் சிந்தினார். தலையிடி என்ற பேச்சே இல்லை.

இடைவேளை வந்தது. அன்றைக்கு ரெக்கோர்டரை நிற்பாட்ட யாருக்கும் ஞாபகமில்லை போலும். "அண்ணை, பாண் இருக்கு, சாப்பிடுங்கோ" என்று ஒரு குரல்.

"வேண்டாம் தம்பி. நான் போகுமட்டும் அவள் அங்க சாப்பிடாமல் இருப்பாள்."

தங்கரத்தினம் பெட்டிக்குக் கிட்டக் குனிந்தார்.

"ஓமப்பா," என்றார். "நீங்கள் திரும்பி வராத அண்டைக்கும் சாப்பிடாமல்தான் இருந்தனான்."