முப்பத்தோராம் நாள் கடலுக்குப் போன பாட்டு

என் மாமா பொய் சொல்கிறார். அவர் அம்மாவின் தம்பி. எங்கள் ஊர் மீனவர் சங்கத்தில் முன்பு செயலாளராக இருந்தவர். ஒவ்வொரு வருடமும் பாட்டுக்காரரின் நினைவு விழாவில் மேடையேறி அதே பொய்யைச் சொல்கிறார். சனம் கை தட்டுகிறது. பெரிய மீசைக்காரர்கள் எல்லாம் கண்ணைத் துடைக்கிறார்கள். இந்த வருட விழாவுக்கும் மன்னார் பஸ் நிலையத்துக்கு முன்னால் பதாகை கட்டியாயிற்று. பாட்டுக்காரரின் படத்துக்குக் கீழே மாமாவின் படமும் இருக்கிறது.

அவர் மேடையில் சொல்வது இதுதான்: "பாட்டுக்கார அண்ணன்ர முப்பத்தோராம் நாள் அண்டைக்குக் கடல் முழுக்க அவற்ர குரல்தான். அண்டைக்கு ஒரு தொழிலாளியும் கடலில தனிச்சுக் கிடக்கேல்லை."

என் அப்பா தனித்துத்தான் கிடந்தார். அப்போது எனக்குப் பத்து வயது. நான் மாமாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பாட்டுக்காரர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அதை முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு ரசிகர்கள் என்னோடு சண்டைக்கு வரக் கூடாது. கித்தாரோடு, சாரம் கட்டி, கதிரையில் இருந்து பாடுவார். நல்ல குரல் என்று சொல்ல முடியாது, தொண்டையில் மணல் கிடப்பது போல இருக்கும். ஆனால் அவருடைய பாட்டில் கருவாடு மணக்கும், இயந்திரம் இருமும், பெண்சாதி ஏசுவாள். கேட்கிறவன் தன் வீட்டுச் சங்கதியை யாரோ ஒட்டுக்கேட்டுப் பாடுகிறான் என்று நினைப்பான். ஓலைத்தொடுவாய்க்குக் கிட்ட இருக்கிற எங்கள் ஊரில் திருநாள் என்றால் அவர் வர வேண்டும். முசலிப் பக்கம் முஸ்லிம் வீட்டுக் கலியாணங்களுக்கும் அவரைக் கூப்பிடுவார்கள். ஒரு நாள் நெஞ்சு நோகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அடக்கத்தன்று எங்கள் கரையில் ஒரு படகும் இறங்கவில்லை.

கடைசித் திருநாளில் அவர் மேடையில் சும்மா ஒரு கேள்வி கேட்டிருந்தார். "கரையில இருக்கிற உங்களுக்குப் பாடிட்டன். கடலில கிடக்கிறவனுக்கு ஆர் பாடுறது?" எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. பாட்டுக்காரர் செத்த பிறகு மாமா அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் சங்கக் கட்டடத்தில் இருந்து பாட்டுகளைக் கடலுக்கு அனுப்புவது என்று ரசிகர் மன்றத்தில் முடிவு எடுத்தார்கள்.

எப்படி அனுப்புவது? வயர்லெஸ் செற்றில்தான். யுத்தம் முடிந்த பிறகு ஒரு நிறுவனம் சங்கத்துக்குக் கொடுத்தது. கரையில் மைக்கோடு ஒரு பெரிய செற், படகுகளுக்குக் கைச்செற்கள். கொஞ்சத் தூரம் வெளியே போனால் போன் வேலை செய்யாது, பிறகு செற்தான் துணை. மைக்கில் உள்ள பொத்தானைக் கரையில் ஒருவர் அமத்திப் பிடித்திருக்கும்வரை அவர் பேசுவதை எல்லோரும் கேட்கலாம், ஆனால் அவருக்கு யாரும் பதில் சொல்ல முடியாது. பொத்தானை விட்டால்தான் கடலின் சத்தம் கரைக்கு வரும். எங்கள் ஊரில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

முதல் நாள் பின்னேரம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னார். அப்பாவும் பாட்டுக்காரர் என்றால் உயிரை விடுகிற ஆள்தான். "நல்ல விசயம். செற்றை முழுசாச் சார்ச் பண்ணி வைக்கிறன்" என்றார். பிறகு வலையில் இருந்து தலையை நிமிர்த்தி, "ஆனா ஒவ்வொரு பாட்டுக்கும் இடையில பொத்தானை விடு. ஆருக்கும் ஒரு அவசரம் வரும்" என்றார்.

"அது எனக்குத் தெரியாதோ அத்தான்? கட்டாயம் விடுவன்."

இந்த வாக்கை மாமா மேடையில் ஒரு நாளும் சொன்னதில்லை.

அப்பாவும் அவருடைய தம்பி, என் சித்தப்பாவும் விடியப்புறம் நாலு மணிக்கு நண்டு வலை எடுக்கப் போனார்கள். ஒன்பது மணிக்குத் திரும்ப வேண்டும். அது வாடைக் காலம். எங்கள் கரையில் வாடைக் காற்று தரையில் இருந்து கடலுக்குத் தள்ளும். இயந்திரம் நின்றால் படகு தானாகவே வெளியே போகும். வெளியே போனால் இந்திய எல்லை.

பூசை முடிந்து நான் மாமாவோடு போனேன். சங்கத்தில் மேசை மேல் பாட்டுக்காரரின் படம், மாலை, மெழுகுதிரி. நாலைந்து ரசிகர்கள் பணிஸும் தேத்தண்ணியுமாகச் சுவரோரம் இருந்தார்கள். மாமா போனில் பாட்டைப் போட்டு மைக்குக்குக் கிட்டப் பிடித்தார். மற்றக் கையால் பொத்தானை அமத்தினார். ஒரு பாட்டு முடிந்ததும் சொன்னபடி விட்டார். உடனே கடலில் இருந்து குரல்கள் பாய்ந்து வந்தன.

"நல்லாயிருக்கு செயலாளர்! மற்றதையும் போடு!"

"என்ர பெண்சாதியை ஏசுற பாட்டு இருக்கல்லோ, அது!"

"டேய், அது உன்ர பெண்சாதி இல்லையடா, ஊர்ப் பெண்சாதி!"

சுவரோரம் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமாவுக்குக் கண் கலங்கியது. நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. அன்று அவர் ஏதோ பெரிய காரியம் செய்கிறார் என்று எனக்கும் தோன்றியது. உண்மையும் அதுதான். அவர் செய்தது நல்ல காரியம். ஐந்தாம் பாட்டு வரைக்கும்.

ஐந்தாம் பாட்டு முடிந்து பொத்தானை விட்டபோது எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஒரே இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் ஒரு குரல் மட்டும் பாட்டுக் கேட்கவில்லை. "கரை... கேக்குதோ... இயந்திரம்..." என்றது. பிறகு மற்றவர்கள் அதை மூடிவிட்டார்கள்.

"மாமா, அது அப்பான்ர சத்தம்" என்றேன்.

"கொப்பரும் பாட்டுத்தான் கேக்கிறார் பிள்ளை."

"இல்லை மாமா, இயந்திரம் எண்டு கேட்டது."

"இயந்திரப் பாட்டு ஒண்டு இருக்கல்லோ? அதைத்தான் கேக்கிறார்." அவர் மற்றவர்களைப் பார்த்தார். "எல்லாரும் ஒண்டாக் கத்துறாங்கள். இனி இடையில விடுறேல்லை. ஒரே ஓட்டமாப் போடுவம். விரலும் மரத்துப் போச்சு." பிறகு என் தலையைப் பார்த்தார். "உன்ர தலை றப்பரைக் கழட்டித் தா. தந்தா அடுத்த பாட்டு நீ சொல்லுறதுதான்."

நான் கொடுத்தேன். கேட்ட குரல் அப்பாவுடையது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கொடுத்தேன். பெரிய ஆட்கள் ஐந்து பேருக்கு நடுவில் அடுத்த பாட்டை நான் சொல்வது என்பது எனக்கு அவ்வளவு பெரிய விசயமாக இருந்தது. மாமா றப்பரை மைக்கைச் சுற்றி இரண்டு தரம் போட்டுப் பொத்தானை அமத்திக் கட்டினார். நான் அப்பாவுக்குப் பிடித்த பாட்டைச் சொன்னேன். பாட்டுக்காரரின் மற்றப் பாட்டுகளை இன்றைக்கும் கேட்பேன். அந்தப் பாட்டு ரேடியோவில் வந்தால் நிற்பாட்டிவிடுவேன்.

ஒன்பது மணிக்கு அம்மா வாசலில் வந்து நின்றார். "தம்பி, அத்தான் வந்திட்டாரோ?"

"வருவார் அக்கா. பாட்டைக் கேட்டுக்கொண்டு ஆறுதலா வருவார்."

அம்மா கரைக்குப் போனார். ஒவ்வொரு பாட்டும் முடியும்போது மாமா கழட்டுவார் என்று பார்த்தேன். கழட்டவில்லை. மெதுவாக என் கையை மைக் பக்கம் கொண்டுபோனேன். மாமா திரும்பிப் பார்த்தார். கையை எடுத்துவிட்டேன். வெளியே கொடிக்கம்பத்தில் கட்டியிருந்த கறுப்புத் துணி கடல் பக்கமாக விறைத்து நின்றது. பாட்டு ஓடியது. சுவரோரம் இருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்கள். ஒன்பதரை ஆகியது. பத்து ஆகியது. படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொரு இயந்திரச் சத்தத்துக்கும் நான் யன்னலுக்கு ஓடினேன். ஒன்றும் எங்களுடையது இல்லை.

பத்தரைக்கு நனைந்த சாரத்தோடு ஒரு கிழவர் உள்ளே வந்தார். அவரும் ரசிகர்தான். "ஆரடா செற்றை அடைச்சு வச்சிருக்கிறது? மனுசர் ஒரு கதை கதைக்க ஏலாமக் கிடக்கு. உன்ர அத்தான்ர படகு தூரத்தில ஓடாம நிண்டமாதிரிக் கிடந்தது. பாட்டுக் கேக்கிறார் எண்டு நினைச்சுப்போட்டு வந்திட்டன்."

மாமா றப்பரைப் பிய்த்து எடுத்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். செற் சும்மா இரைந்தது. மறுபடி கூப்பிட்டார். சுவரோரம் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பி வெளியே போனார்கள், பாதிப் பணிஸை மேசையில் வைத்துவிட்டு. மாமா என்னைப் பார்த்தார். முகம் வெளிறியிருந்தது. "நீ ஒண்டும் கேக்கேல்லை. சரியோ பிள்ளை?" என்றார். நான் தலையாட்டினேன்.

கடற்படைக்கு அறிவித்தார்கள். படகுகள் தேடிப் போய் வெறுமனே வந்தன. மூன்றாம் நாள்தான் செய்தி வந்தது. அப்பாவும் சித்தப்பாவும் எல்லைக்கு அப்பால் பிடிபட்டு, அக்கரையில் இந்தியச் சிறையில், மறியலில் இருக்கிறார்கள். உயிரோடு இருக்கிறார்கள் என்று அம்மா மாதா கோவிலுக்கு ஓடினார். ஏழு மாதம் அம்மா நண்டு உடைக்கிற வேலைக்குப் போனார். ஊர், நண்டு ஆசையில் அவன் எல்லை தாண்டினான் என்று பேசியது. பள்ளிக்கூடத்தில் என்னை 'எல்லைக்காரன்ர மகள்' என்றார்கள். மாமா வாராவாரம் அரிசி கொண்டுவந்து தந்தார், வேலி அடைத்துத் தந்தார். மாமா கெட்டவர் இல்லை. கெட்டவர் என்றால் எனக்கு இவ்வளவு கஷ்டம் இல்லை.

அப்பா திரும்பி வந்தார். படகு வரவில்லை. அடுத்த நாள் காலை கிணற்றடியில் அவர் பல் தீட்டிக்கொண்டிருந்தபோது நான் போய் நின்றேன்.

"அப்பா, நீங்கள் செற்றில கூப்பிட்டனீங்களோ?"

"ஏன் கேக்கிறாய்?"

நான் எல்லாம் சொன்னேன். குரல் கேட்டதும், றப்பர் கொடுத்ததும், மாமா சொல்ல வேண்டாம் என்றதும். அப்பா வாயில் இருந்த தண்ணீரைத் துப்பக்கூட இல்லை. பிறகு துப்பிவிட்டு, "போய் முகத்தைக் கழுவு" என்றார்.

அன்று பின்னேரம் சங்கக் கூட்டம். அவர் மறுபடி தொழிலுக்கு இறங்கச் சங்கம் கடிதம் கொடுக்க வேண்டும். நானும் அம்மாவும் வாசலோரம் நின்றோம். தலைவர் எல்லோருக்கும் முன்னால் கேட்டார்: "இயந்திரம் நிண்டது சரி. ஏன் செற்றில கூப்பிடேல்லை?"

மாமா அறிக்கைப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். அப்பா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"செற் கை தவறித் தண்ணிக்குள்ள விழுந்திட்டுது தலைவர். என்ர பிழைதான்."

கவனமில்லாமல் சங்கத்துச் செற்றைத் தொலைத்தவர், இனி அவருக்குச் செற் இல்லை என்று புத்தகத்தில் எழுதினார்கள். எழுதியவர் செயலாளர். அதாவது மாமா.

எனக்கோ சந்தோசம் தாங்கவில்லை. செற் தண்ணீருக்குள் விழுந்துவிட்டது என்றால் அப்பா கூப்பிடவில்லை. கூப்பிடவில்லை என்றால் நான் கேட்டது வேறு யாருடையதோ குரல். அப்பா தலைவருக்கு முன்னால் சொன்னது பொய்யாக இருக்க முடியாது. ஏழு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. நான் அம்மாவின் கையை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன், வழியெல்லாம் துள்ளினேன். அதைச் சொல்லும்போது அப்பா ஏன் என்னையே பார்த்தார் என்று ஒரு தரமும் யோசிக்கவில்லை.

அப்பா அன்று சொன்னது பொய் என்று போன வருடம் சித்தப்பா சொல்லித்தான் விளங்கியது. "ஒவ்வொரு பாட்டு முடிவிலையும் கொப்பர் கூப்பிட்டார். உன்ர மாமன் இடையில விடுவன் எண்டு சொன்னவன், விடுவான் விடுவான் எண்டு இருந்தார். பாட்டுக்கு நடுவில கூப்பிட்டாச் சார்ச் போயிடும் எண்டு பாட்டு முடியும்வரைக்கும் பொறுத்திருந்தார். கடைசியாச் செற் செத்தது. கரையும் மறைஞ்சிட்டுது."

மாமா, இந்த வருடமும் நீங்கள் மேடையேறத்தான் போகிறீர்கள். ஏறுங்கள். பாட்டுக்காரரைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள், நானும் கை தட்டுகிறேன். அதற்குப் பிறகு இதற்கும் பதில் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்ல வேண்டாம், அம்மாவிடம் அழவும் வேண்டாம். என் அப்பாவை எல்லைக்காரன் என்று சொன்ன அதே சனத்துக்கு முன்னால், ஒலிவாங்கியில் சொல்லுங்கள். நானும் மேடைக்கு வருகிறேன், என் பங்கை நான் சொல்கிறேன். அப்பா கீழே கதிரையில் இருப்பார். அவர் எல்லையைத் தாண்டினாரா, நாங்கள் இரண்டு பேரும் தாண்டவைத்தோமா?