ஹெல்காவின் அப்பாவைத் தேடி பெர்லினுக்கு

சனிக்கிழமை காலை, டோர்ட்மண்ட். ஆறு மணி ரயிலுக்கு ஐந்தரைக்கே எங்களை நடைமேடையில் நிறுத்திவிட்டார் ராணி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே முதியோர் இல்லத்தில் வேலை. மதுரையிலிருந்து வந்த எனக்கு இரண்டு வாரமாக அவர் வீட்டில்தான் சாப்பாடும் தூக்கமும். மூன்று பேருக்கு அவர் கட்டியிருந்த மீன் ரோல்ஸ் ஒரு கல்யாண வீட்டுக்குக் காணும்.

மூன்றாமவர் பக்கத்து வீட்டு ஹெல்கா. எண்பது தாண்டியவர். அவர் தாயின் வயிற்றில் இருந்தபோதே தகப்பனைப் போருக்கு அனுப்பிவிட்டார்கள். ஸ்டாலின்கிராடில் சோவியத் படை வளைத்துக்கொண்ட ஜெர்மன் சிப்பாய்களில் அவரும் ஒருவர். போரின் போக்கையே மாற்றிய அந்த முற்றுகையிலிருந்து அவர் திரும்பவில்லை. மகள் பிறந்த சேதி அவரை எட்டியதா என்றே தெரியாது. அந்த நகரத்து மக்கள் பட்ட பாடு இன்னொரு பெருங்கதை.

அங்கே 1942 கிறிஸ்துமஸுக்கு ஒரு ஜெர்மன் ராணுவ மருத்துவர், ரஷ்ய வரைபடத்தின் பின்பக்கம் கரியால் ஒரு தாயையும் சேயையும் வரைந்தார். அந்தப் படம் இப்போது பெர்லின் தேவாலயம் ஒன்றில் இருக்கிறது. இத்தனை காலமும் போகத் துணியாத ஹெல்காவை அக்காதான் கிளப்பினார். ஹெல்கா போட்ட ஒரே நிபந்தனை, தான் வேண்டாம் என்றால் உடனே திரும்பிவிட வேண்டும்.

ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம். எதிர் இருக்கைக்காரருக்கும் ரோல்ஸ் போனது. "வடிவாச் சாப்பிடுங்கோ, இன்னும் கிடக்கு," என்று அக்கா தமிழிலேயே உபசரித்தார். அவருக்கு என்ன புரிந்ததோ, இன்னொன்று எடுத்துக்கொண்டார்.

பெர்லினில் உயிரியல் பூங்கா ஸ்டேஷனிலிருந்து பொடிநடைதான். குண்டில் மொட்டையான பழைய கோபுரத்தை அப்படியே விட்டு, பக்கத்தில் புதிய தேவாலயம் கட்டியிருக்கிறார்கள். அனுமதி இலவசம். அக்காவும் நானும் பேசிக்கொண்டே வாசலில் ஷூவைக் கழற்றினோம். இங்கே யாரும் கழற்றுவதில்லை. கும்பிடும் இடம் என்றால் நம் கை தானாக ஷூவுக்குப் போய்விடுகிறது. திரும்பிப் பார்த்தால் ஹெல்கா படியிலேயே நின்றுவிட்டார்.

"தனக்கு ஏலாதாம், தம்பி. திரும்புவம் எண்டுறா."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சொன்ன சொல் சொல்தானே. ஷூவை மறுபடி மாட்டக் குனிந்தோம். அப்போதுதான் ஹெல்கா எங்கள் கால்களைக் கவனித்தார். என் காலுறையின் ஓட்டை வழியாகப் பெருவிரல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு தன் ஷூவையும் கழற்றினார். காவலர் ஒரு கணம் முழித்துவிட்டு வழிவிட்டார்.

உள்ளே சுவரெல்லாம் நீலக் கண்ணாடி. படத்தில், போர்வைக்குள் குழந்தையைப் பொத்தி வைத்திருக்கும் தாய். ஓரத்தில் ஒளி, வாழ்வு, அன்பு என்று ஜெர்மனில் மூன்று சொற்கள். அன்று பதுங்குகுழியில் மாட்டியிருந்த இதைச் சிப்பாய்கள் வந்து பார்த்தார்களாம்.

"தகப்பனும் பாத்திருப்பார் எண்டு நினைக்கிறா," என்றார் அக்கா மெதுவாக.

வெளியே வந்த பிறகு, எதையோ விட்டுவிட்டவர்போல் ஹெல்கா மட்டும் மறுபடி உள்ளே போனார். படத்தின் முன்னால் அவர் உதடு அசைவது வாசலிலிருந்தே தெரிந்தது. திரும்பி வந்தபோது முகம் கொள்ளாத சிரிப்பு. அக்கா ஏதோ கேட்டார். பதிலைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரும் சிரித்தார்.

"என்னக்கா?"

"தன்ர பேரைச் சொல்லிப்போட்டு வாறாவாம், தம்பி. தகப்பனுக்குத் தெரியாதெல்லோ."