மாமாவின் முதுகுக்குப் பின்னால்

என் அக்கா இறந்து ஒரு மாதம் ஆனபோது, அவளுக்கான அஞ்சலிக் கூட்டத்தை ஆன்லைனில் வைத்துக்கொள்ளலாம் என்று அவள் கணவர் சொன்னார். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். மகன் கனடாவில் இருக்கிறான், பெரியம்மாவால் வேலூரிலிருந்து வர முடியாது, அவரவர் இருக்கும் இடத்திலிருந்தே நாலு வார்த்தை பேசலாம் என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் நான் கனடாவிலா இருக்கிறேன்? ஜீவனஹள்ளியில் ஆட்டோ ஏறினால் மாமா வீடு இருக்கும் ஆஸ்டின் டவுன் எவ்வளவு தூரம்? நேரில் வருகிறேன் என்றதும், “நீயும் வீட்லருந்தே பாரும்மா. சும்னே எதுக்கு டிராஃபிக்ல வந்துக்கிட்டு?” என்று கன்னடம் கலந்து சொன்னார். எனக்கு அப்போதே உறுத்த ஆரம்பித்துவிட்டது.

ஏற்கெனவே பதினாறாம் நாள் காரியத்தையும் வீட்டில் வைக்காமல் ஒரு மண்டபத்தில் முடித்து, எங்களை அங்கிருந்தே அனுப்பிவைத்திருந்தார். அன்று மண்டபத்து வாசலில் நான் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். அக்காவின் மாம்பழக் கலர் பட்டுச்சேலை. அவள் நிறத்துக்கு அந்த மஞ்சள் அவ்வளவு எடுப்பாக இருக்கும். துணிமணி எல்லாவற்றையும் ஓர் ஆசிரமத்துக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார். எந்த ஆசிரமம் என்று கேட்டதும் அவருக்கு இருமல் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம் தொடங்கியது. அக்கா மகன் படத்துக்கு மாலை போட்ட மாதிரி ஒரு சிலைடு செய்து வைத்திருந்தான். பெரியம்மா மைக்கை ஆன் செய்யாமலே அழுதுகொண்டிருந்தார். நான் மாமாவின் கட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தனக்குப் பின்னால் இருப்பது தெரியாதபடி பின்னணியை மங்கலாக்கியிருந்தார். செல்போனில் எழுத்தைப் பெரிதாக்கவே என்னைக் கேட்கிற மனிதர், இதை எங்கே கற்றுக்கொண்டார்? நான் பள்ளிக்கூட டீச்சர். ஆன்லைன் வகுப்பு எடுத்த காலத்தில் பின்னணியை மங்கலாக்கிய பிள்ளைகள் ஏதோ ஒன்றை மறைக்கத்தான் செய்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அப்போதுதான் அது தெரிந்தது. மாமாவின் தோளுக்குப் பின்னால் ஏதோ மஞ்சளாக அசைந்தது. ஆள் உயரத்துக்கு இருந்தது. கொஞ்சம் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. அந்த மஞ்சளை எனக்குத் தெரியும்.

ஒரு மாதம்தான் ஆகிறது, அதற்குள் அந்த வீட்டில் ஒருத்தி என் அக்கா சேலையைக் கட்டிக்கொண்டு நடமாடுகிறாள். இதற்குத்தான் மண்டபம். இதற்குத்தான் ஆன்லைன் அஞ்சலி. கேமராவை அணைத்துவிட்டு, இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். ஆட்டோக்காரரைக் கன்னடத்தில் விரட்டினேன். வழியெல்லாம் காதுக்குள் யார் யாரோ அக்காவின் பொறுமையைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். பொறுமையாக இருந்து என்ன கண்டாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

மாமா வீட்டு காலிங்பெல்லை அழுத்தினேன். அந்தச் சத்தம் ஒரு முறை நேரிலும், கொஞ்சம் தாமதமாக இயர்போனிலும் கேட்டது. கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் வழிவிடாமல் நின்றார். “யாரு மாமா உள்ள?” என்று கேட்டு, அவரை இடித்துக்கொண்டு போனேன்.

யாருமில்லை. ஹாலின் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. அதில் மாம்பழக் கலர் பட்டு, ஃபேன் காற்றில் முன்னும் பின்னும் போய்வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அரக்கு, அதற்கடுத்து மயில் கழுத்து. சோபாவில் இன்னொரு அடுக்கு. படுக்கையறையில் பீரோ காலியாகத் திறந்து கிடந்தது. அவளுடைய நைட்டி கொக்கியில் அப்படியே தொங்கியது. ஆசிரமத்துக்கு ஒரு கைக்குட்டைகூடப் போகவில்லை.

மாமா மைக்கை அணைத்துவிட்டு வந்தார். திருட்டுப் பொருளோடு பிடிபட்டவர் மாதிரி நின்றார்.

“மழைல பட்டெல்லாம் பூஞ்ச புடிச்சிடும்னு மாசாமாசம் காத்தாடப் போடுவா. நான் போடலன்னா வேற யாரு போடுவா?” என்றார். கயிற்றிலிருந்த அரக்குச் சேலையை நேராக்கிக்கொண்டே, “நீங்கல்லாம் வீட்டுக்கு வந்தா பீரோவத் தொறப்பீங்கம்மா. எங்கம்மா செத்தப்ப பாத்தேன். சாப்ட்ட எலகூட எடுக்கல, அதுக்குள்ள பீரோ காலி” என்றார்.

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். காரியம் முடிந்ததும் பெண்கள் பீரோவைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு சேலையை ஞாபகத்துக்கென்று எடுத்துக்கொள்வோம். அதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. அவர் அம்மாவின் பீரோவிலிருந்து எனக்கும் ஒரு காட்டன் சேலை வந்தது. அன்று அறை வாசலில் அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நினைவே இல்லை. நான் சேலையைத்தான் பார்த்திருப்பேன். அவர் மேல் எனக்குப் பதினாறாம் நாளிலிருந்து சந்தேகம். எங்கள் மேல் அவருக்கு அம்மா போன நாளிலிருந்து.

லேப்டாப்பிலிருந்து அக்கா மகன் அப்பாவைக் கூப்பிட்டான். மாமா போய் மைக்கை ஆன் செய்து உட்கார்ந்தார். நானும் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் இருவர் முகமும் தெளிவாகத் தெரிந்தது, மற்றதெல்லாம் மங்கல். பெரியம்மாவுக்கு யாரோ மைக்கை ஆன் செய்து கொடுத்திருந்தார்கள். அழுகைக்கு நடுவில் என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

“நீ அங்கதான் இருக்கியாடி? அவளோட அந்த மாம்பழக் கலர் பட்டு யாருக்குப் போச்சு?”

மாமாவின் கை மேசை விளிம்பைப் பிடித்தது. அவர் என் பக்கம் திரும்பவில்லை.

“எல்லாம் குடுத்தாச்சு பெரியம்மா. நான்தான் கூட இருந்து குடுத்தேன்” என்றேன்.

பெரியம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரைக்கு மிக அருகில் வந்தார். எங்களுக்குப் பின்னால் மஞ்சளாக அது என்ன அசைகிறது என்று கேட்டார். எழுந்து போய் ஃபேனை நிறுத்தினேன்.