நக்வா கேட்ட உப்புக் கேள்வி

மேல் எகிப்தில் எங்கள் வேளாண் கல்லூரியில் நக்வாவுக்கும் எனக்கும் ஒரே ஆசிரியர் அறை. அவள் மண்ணியல், நான் பூச்சியியல். காசு வாங்கிக்கொண்டு வீட்டில் தனிப்பாடம் எடுக்காத ஆசிரியர் எங்கள் ஊரில் அபூர்வம். அவள் அந்த அபூர்வம். அந்த நல்ல பெயரைத் தவிர அவளிடம் பெரிதாகச் சொத்தும் இல்லை.

பதவி உயர்வு வேண்டுமென்றால் கற்பித்தல் பயிற்சிக்குப் போயாக வேண்டும். எல்லோரும் போய்த் தூங்கிவிட்டு வந்தோம். இவள் மட்டும் கேட்டுத் தொலைத்தாள். அறிவை எடுத்து மாணவன் தலையில் ஊற்ற முடியாதாம். தனக்கு ஏற்கெனவே தெரிந்ததன் மேல் அவனேதான் கட்டிக்கொள்ள வேண்டுமாம்.

அடுத்த வாரமே குறிப்புச் சொல்வதை நிறுத்தினாள். "நைல் தண்ணி நல்ல தண்ணி. அதைப் பாய்ச்சுற வயல் ஏன் உப்புப் பூக்குது? கூடி உக்காந்து பேசுங்க" என்றுவிட்டு ஓரமாக நின்றாள். யாரும் பேசவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் வாயையே பார்த்தார்கள். வாரா வாரம் இதே கதை.

ஒருநாள் ஒரு மாணவனின் தாய் நெய் டப்பாவோடு எங்கள் அறைக்கு வந்தார். கல்லூரி ஆசிரியர் என்றாலே எங்கள் ஊரில் டாக்டர்தான்.

"டாக்டரம்மா, சுத்தி வளைக்காமச் சொல்லுங்க. வீட்டுப் பாடத்துக்கு என்ன வாங்குறீங்க?"

"நான் வீட்ல பாடமே எடுக்கறதில்லையே!"

"அப்ப வகுப்புல ஏன் வாயை மூடிக்கிறீங்க? இது எதுக்குன்னு எங்களுக்குத் தெரியாதா?"

நெய்யைத் திருப்பிக் கொடுப்பதற்குள் நக்வாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஃபிக்ரி, நான் எங்க தப்பு பண்ணேன்?" என்று என்னைக் கேட்டாள்.

"பாடம் நடத்தாததுதான்."

"நடத்தினா கத்துக்க மாட்டாங்கப்பா!"

"நடத்தாம கத்துக்கிட்டாங்களா?"

பின்னே என்னதான் செய்வது என்று எனக்கும் தெரியாது, தெரிந்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டேன்.

பெயர் கெடுவதை அவளால் தாங்க முடியவில்லை. பழையபடி குறிப்புச் சொல்ல ஆரம்பித்தாள். அன்று நான் அடுத்த வகுப்புக்காகக் கதவருகே காத்திருந்தேன். "உப்பு சேர்வதற்கான காரணங்கள்" என்று அவள் தொடங்கவும், கடைசி வரிசையில் வாயே திறக்காத ஷஹீரா கையைத் தூக்கினாள்.

"டாக்டர், நானே சொல்லட்டுமா? எங்க வயல்ல வடிகால் தூந்து போச்சு. பாய்ச்சுற தண்ணி போக வழியில்லாம அடியிலேயே நிக்குது. வெயில்ல அது மேல ஏறும்போது உப்பும் கூட வருது. தண்ணி ஆவியாயிடுது, உப்பு தங்கிடுது. சரிதானே?"

நக்வாவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். இத்தனை நாள் பட்ட அவமானமெல்லாம் அவளுக்கு மறந்தே போயிற்று.

"அப்படியே சரி! யாரு சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் இல்ல டாக்டர். நீங்க அன்னிக்குக் கேட்டதிலேர்ந்து அதையே யோசிச்சிட்டிருந்தேன்."

வகுப்பு மொத்தமும் ஷஹீராவைத் திரும்பிப் பார்த்தது. முன்வரிசைப் பையன் ஒருவன் மெதுவாக எழுந்தான்.

"டாக்டர், அவளுக்கு மட்டும் வீட்ல எடுக்குறீங்க போல. எங்களையும் சேத்துக்கக் கூடாதா?"